சேந்த் ஷாப்பெல்: எது பழசு, எது புதுசு என்று சொல்லிவிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பாரிஸ் பயணக் கட்டுரையில் சேந்த் ஷாப்பெல் சிற்றாலயத்துக்கு ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். கொடுத்ததே சந்தோஷம், பெரும்பாலும் ஈஃபிள் கோபுரம், லூவர், நோத்ர்தாம் என்று மூன்றோடு கடையைக் கட்டிவிடுவார்கள். ஆனால் அந்தப் பத்தியில் "கட்டிய நாளிலிருந்து ஒரு கண்ணாடிகூட மாறாமல் அப்படியே நிற்கிறது" என்று ஒரு வரி, மேற்குப் பக்கத்து ரோஜா சன்னலின் (பூ மாதிரி வட்டமாக இருக்கிற பெரிய சன்னல்) படத்துக்குக் கீழே "ஒன்பதாம் லூயி மன்னர் காலத்தது" என்று ஒரு குறிப்பு. இரண்டுமே தப்பு. சின்ன விஷயம்தானே என்று விட்டிருப்பேன், பாரிஸில் குடியிருப்பவன் என்பதால் ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் இதே வரியைத்தான் எங்கேயோ படித்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இடம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பது. ஊர் சனங்கள் வந்து கும்பிடுவதற்காகக் கட்டியது இல்லை, ராஜா தன் அரண்மனையோடு ஒட்டிக் கட்டிக்கொண்ட சொந்த ஆலயம். இன்றைக்கு நீதிமன்ற வளாகமாக இருக்கிற சித்தே தீவின் அந்தப் பகுதி முழுக்க அன்றைக்கு பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனை. கான்ஸ்டான்டினோபிளில் ஆண்டுகொண்டிருந்த லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்ட்வின் கையில் காசு இல்லாமல் தவித்த காலம் அது, இயேசுவின் தலையில் வைத்த முள்முடி என்று போற்றப்பட்ட திருப்பண்டமே வெனிஸ் வணிகர்களிடம் அடகில் கிடந்தது. அந்த அடகை மீட்டு 1239-இல் லூயி அதை வாங்கினார், விலை 1,35,000 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). அதை வைக்கச் செய்த பேழைக்கு 1,00,000 லீவ்ர். இந்த இரண்டையும் வைப்பதற்காகக் கட்டிய ஆலயத்துக்கு ஆன செலவு 40,000 லீவ்ர்தான் என்று சொல்லப்படுகிறது. அதாவது, இன்றைக்கு நாம் வாய் பிளந்து பார்க்கிற கட்டடம்தான் இருந்ததிலேயே மலிவான சரக்கு! முள்முடி ஊருக்குள் வந்தபோது ராஜாவே காலில் செருப்பில்லாமல் அதைச் சுமந்துகொண்டு நடந்தார். பக்திதான், ஆனால் கணக்கும் தெரிந்த மனிதர். கிறிஸ்தவ உலகத்தின் பெரிய திருப்பண்டம் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து தன் வீட்டுக்கு வந்தால் தன் சிம்மாசனத்தின் மதிப்பு எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

1248 ஏப்ரல் 26-இல் ஆலயத்தை அர்ச்சித்தார்கள், அதாவது புனிதப்படுத்தி வழிபாட்டுக்குத் திறந்தார்கள். முள்முடி வந்து அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. நோத்ர்தாம் மாதிரி தலைமுறை தலைமுறையாக இழுத்த வேலை இல்லை, ஒரே மூச்சில் முடித்தது, அதனால்தான் அந்த ஒருமை அதில் தெரிகிறது. அதே கோடையில் லூயி சிலுவைப் போருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இரண்டு அடுக்கு. மேலே இருப்பது ராஜாவுக்கு, அவருடைய குடும்பத்துக்கு, திருப்பண்டங்களுக்கு. அரண்மனையின் மேல்தளத்திலிருந்து நடைபாதை வழியாக நேராக உள்ளே வந்துவிடலாம், அவர் படி இறங்கி ஏற வேண்டியதே இல்லை. கீழே இருப்பது அரண்மனையில் வேலை செய்தவர்களுக்கு. கட்டுரையில் கீழ்த்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வழிகாட்டிகளும் "இது வேலைக்காரர்கள் கோயில், மேலே போகலாம் வாங்க" என்று குறுகலான சுழல் படிக்கட்டில் ஆட்களை ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மேலே நடக்கிற மாயத்துக்கு அஸ்திவாரம் கீழேதான் இருக்கிறது. ஆறரை மீட்டர்தான் உயரம். இருக்கிற அகலத்தை ஒரே வளைவால் மூடினால் கூரை இன்னும் மேலே எழும்பிவிடும், ராஜாவின் தரை மட்டத்தோடு பொருந்தாது. ஆகவே சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் மெல்லிய தூண் வரிசை வைத்து, நடுவில் வளைவைச் சிறியதாக்கி, தூணுக்கும் சுவருக்கும் இடையில் குட்டிக் கல் வளைவுகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாமர்த்தியமான வேலை, யாரும் நின்று பார்ப்பதில்லை. அங்கேயே ஒரு பக்கச் சுவரில், கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி ஒன்று இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம், 19-ஆம் நூற்றாண்டில் பழுது பார்த்தபோதுதான் வெளியே வந்தது. மங்கலாக இருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரி, மேலே போவோம். சுவரே இல்லாத மாதிரி ஒரு கூடம். தரையிலிருந்து கொஞ்ச உயரம் வரைக்கும்தான் கல், அதற்கு மேல் கூரை வரைக்கும் வண்ணக் கண்ணாடி. 15 சன்னல்கள், பெரியவை ஒவ்வொன்றும் 15 மீட்டர் உயரம், எல்லாவற்றிலுமாக 1,113 காட்சிகள். கல் கூரையின் எடையை எது தாங்குகிறது என்று உள்ளே நிற்கிறவனுக்குப் புரியாது, புரியக்கூடாது என்றுதான் கட்டியிருக்கிறார்கள். நோத்ர்தாமுக்கு வெளியே பறக்கிற மாதிரி நிற்கும் உதை வளைவுகள் இங்கே கிடையாது. சன்னலுக்கும் சன்னலுக்கும் நடுவில் ஆழமான உதைசுவர்கள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, உள்ளேயிருந்து பார்த்தால் அவற்றின் விளிம்பு மட்டும் ஒல்லியான தூண் கொத்தாகத் தெரியும், முழு உடம்பும் வெளியே ஒளிந்திருக்கும்.

அப்புறம் இரும்பு. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். கொக்கி போட்டுக் கோத்த இரும்புக் கம்பிகளால் ஆன சங்கிலிகள் கட்டடத்தையே சுற்றி இடுப்பில் ஒட்டியாணம் போட்ட மாதிரி ஓடுகின்றன, சில கற்களுக்குள் புதைந்திருக்கின்றன, சில சன்னல்களின் குறுக்கே போகின்றன. கண்ணாடிப் பலகைகளைத் தாங்க எப்படியும் சன்னலில் குறுக்குக் கம்பிகள் வேண்டும் இல்லையா, அந்தக் கம்பிகளோடு கம்பியாக இந்தச் சங்கிலியும் கலந்துவிடுகிறது. எது கண்ணாடியைத் தாங்குகிறது, எது கட்டடத்தையே இழுத்துப் பிடித்திருக்கிறது என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. கூரைக்கு மேலேயும் இரும்பு இழுப்புக் கம்பிகள் உண்டு. கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பதை நவீனக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கல்லையும் இரும்பையும் ஒன்றாக வேலை வாங்கலாம் என்பது 1240-களில் அந்தக் கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. பல பெயர்களைச் சொல்வார்கள், உங்கள் கட்டுரையும் ஒரு பெயரைச் சொன்னது, ஆனால் எதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது.

கண்ணாடிகளில் என்ன இருக்கிறது? விவிலியத்தின் தொடக்க நூலில் ஆரம்பித்து விடுதலைப் பயணம், எண்ணிக்கை, யோசுவா, நீதித்தலைவர்கள் என்று வடக்குச் சுவர் நெடுகப் போய், பீடத்துக்குப் பின்னால் நட்ட நடுவில் இயேசுவின் பாடுகள், பிறகு எசேக்கியேல், எரேமியா, யூதித்து, எஸ்தர், அரசர்கள் என்று தெற்குச் சுவரில் திரும்பி வருகிறது. கதை கீழிருந்து மேலே ஏறும். படிப்பறிவில்லாதவர்களுக்காகப் படத்தில் எழுதிய விவிலியம் என்று இதைச் சொல்வது எனக்கு ஒப்பாது. படிப்பறிவில்லாத சனங்களை அங்கே யார் விட்டார்கள்? தரையிலிருந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் சிவப்பும் நீலமும்தான். அது ராஜாவுக்குச் சொன்ன கதை, ராஜாவைப் பற்றிச் சொன்ன கதையும்கூட. எண்ணிக்கை நூல் சன்னலில் பாருங்கள், முடிசூட்டு விழா முடிசூட்டு விழாவாக வருகிறது, விவிலியத்தில் அந்த இடத்தில் அவ்வளவு முடிசூட்டல் ஏது? ஓரங்களில் பிரான்சின் லில்லிப் பூ, கூடவே மஞ்சள் நிறக் கோட்டைகள். கோட்டை லூயியின் அம்மா பிளான்ஷின் பிறந்த வீட்டு முத்திரை, அவர் காஸ்டிலி நாட்டு இளவரசி. கடைசிச் சன்னலில் திருப்பண்டங்கள் பாரிஸுக்கு வந்த கதை, அதில் லூயியே வருகிறார். மோசேயில் ஆரம்பித்த வரிசை நம் காலத்து ராஜாவில் வந்து முடிகிறது என்று அவர் சபையில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் (சின்னது போதும்) ஒரு வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். உள்ளங்கையைவிடச் சிறிய நிறத் துண்டுகளை ஈயப் பட்டியால் ஒட்டிக் கோத்திருக்கிறார்கள், முகத்தின் புருவம், மூக்கு, துணி மடிப்பு எல்லாம் பழுப்புக் கருப்புப் பூச்சில் தூரிகையால் இழுத்து, சூளையில் சுட்டு ஏற்றியது. கை வேகமாக ஓடியிருக்கிறது. கண்ணுக்கு இரண்டு வளைவு, வாய்க்கு ஒரு கோடு, முடிந்தது. இத்தனை காட்சியைச் சில வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது, ஆனால் அந்த அவசரமே முகங்களுக்கு உயிரைக் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இப்போது உங்கள் படக்குறிப்புக்கு வருகிறேன். மேற்கு ரோஜா சன்னல் லூயி காலத்தது இல்லை. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில், எட்டாம் சார்லஸ் காலத்தில், பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தது. இரண்டுக்கும் நடுவில் இரண்டரை நூற்றாண்டு. கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். கல் பின்னல் நெருப்புக் கொழுந்து மாதிரி நெளியும், மற்ற சன்னல்களில் அந்த நெளிவு இருக்காது. நிறத்தையும் பாருங்கள், ரோஜாவில் மஞ்சளும் பச்சையும் தூக்கலாக இருக்கும். வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் கண்ணாடி மஞ்சளாகும் என்ற வித்தை ஐரோப்பாவில் 1300 வாக்கில்தான் பரவியது, லூயியின் ஆட்களுக்கு அது தெரியாது. அவர்கள் மஞ்சள் வேண்டும் என்றால் மஞ்சள் கண்ணாடியையே தனியாக வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. ரோஜாவில் இருப்பது விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் காட்சிகள், அதை மாலை வெயிலில் பார்க்க வேண்டும்.

"ஒரு கண்ணாடிகூட மாறாமல்" என்கிறதுக்குப் பதில் இன்னும் நீளம். 1630-இல் தீ, பழைய ஊசிக்கோபுரம் எரிந்து விழுந்தது. 1690-இல் சேன் நதியில் வெள்ளம் வந்து கீழ்த்தளத்துக்குள் புகுந்தது. 1776-இல் அரண்மனையில் தீ. அதற்குப் பிறகு நடந்த நீதிமன்ற விரிவாக்கத்தில், சிற்றாலயத்தின் பக்கத்தில் அதைக் கட்டிய காலத்திலேயே கட்டியிருந்த அரசு ஆவணக் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். அதைப் பற்றி இன்றைக்குப் பேசுகிறவர்களே இல்லை, எனக்கென்னவோ பெரிய இழப்பு அதுதான் என்று படுகிறது. பிறகு பிரெஞ்சுப் புரட்சி. பேழையை உருக்கினார்கள், ஊசிக்கோபுரத்தை இறக்கினார்கள், அரச முத்திரைகளைச் செதுக்கி எடுத்தார்கள், உள்ளே தானிய மூட்டைகளை அடுக்கினார்கள். முள்முடி மட்டும் தப்பித்து 1806-இல் நோத்ர்தாம் போனது. 2019 ஏப்ரலில் நோத்ர்தாம் எரிந்தபோது தீயணைப்பு வீரர்கள் வெளியே எடுத்து வந்தது இதே முடியைத்தான்.

கண்ணாடிகளுக்கு உண்மையான சேதம் புரட்சியில் வந்ததைவிட அதற்குப் பின்னால் வந்ததுதான் அதிகம். 1803-இல் இந்த இடத்தை நீதிமன்ற ஆவணக் கிடங்காக்கினார்கள். மூன்று சுவரிலும் உயரமான அலமாரிகள். அலமாரி வைத்தால் பின்னால் இருக்கிற கண்ணாடி எதற்கு என்று, சன்னல்களின் அடியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியதில் சிலதை மேலே உடைந்த இடங்களில் ஒட்டுப் போட்டார்கள், சிலது விற்பனைக்குப் போய் இங்கிலாந்து வரைக்கும் போய்ச் சேர்ந்தது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கொஞ்சம் இருக்கிறது, லெஸ்டர்ஷயரில் ட்வைக்ராஸ் என்ற சின்ன கிராமத்துக் கோயில் சன்னலிலும் இருக்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு: அந்த அலமாரிக்காரர்கள்தான் கட்டடத்தைக் காப்பாற்றினார்கள் என்றும் சொல்லலாம். கோப்புகளை வைக்க ஒரு கூடம் தேவைப்பட்டதால்தான் இடிக்கவில்லை. பாரிஸில் அதே காலத்தில் உபயோகம் இல்லை என்று தரைமட்டமான கோயில்கள் எத்தனையோ.

1837-இல் கோப்புகள் வெளியேறின. பழுது பார்க்கும் வேலையைக் கட்டடக் கலைஞர் டூபான் ஆரம்பித்து, லாசுயூஸ் தொடர்ந்து, அவருக்குப் பின் பொஸ்வில்வால்ட் முடித்தார், இளைஞராக இருந்த வியோலே லெ துயூக்கும் அதில் இருந்தார். காணாமல் போன கண்ணாடிகளின் இடத்தில் என்ன கதை இருந்திருக்கும் என்று அறிஞர்கள் விவிலியத்தையும் மிச்சமிருந்த துண்டுகளையும் வைத்துக் கணக்குப் போட, ஸ்டைன்ஹைல் வரைந்தார், லூசோன் கண்ணாடியில் ஏற்றினார். வேலை எவ்வளவு சுத்தம் என்றால், எது 1240-களின் துண்டு, எது 1850-களின் துண்டு என்று அருகில் போய்ப் பார்த்தாலும் பல இடங்களில் திணற வேண்டியிருக்கும். இன்றைக்கு இருக்கிற கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அசல். தலைக்கு மேல் நீலத்தில் தங்க நட்சத்திரம், தூண்களின் நிறம், தரை எல்லாம் மிஞ்சிய தடயங்களைப் பின்பற்றி 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி செய்தவை. தூண்களில் நிற்கிற பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் சிலர் பழையவர்கள், சிலர் புதியவர்கள், உடைந்த அசல் சிலைகள் சில குளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெளியே வானத்தைக் குத்துகிற 33 மீட்டர் ஊசிக்கோபுரம் 1853-இல் லாசுயூஸ் தேவதாரு மரத்தில் கட்டியது.

இதையெல்லாம் சொன்னால் சிலருக்கு முகம் விழுந்துவிடுகிறது. "அப்போ இது டூப்ளிகேட்டா?" என்று என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஒரே இடத்தில் அது கட்டிய சட்டத்திலேயே நிற்பது என்பது நினைத்துப் பார்க்க முடியாத அதிர்ஷ்டம். கண்ணாடி வேலையில் 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு மரியாதைக்குரியது: பழையதைப் படித்தார்கள், பொருத்தினார்கள், தங்கள் கையெழுத்தைப் போடாமல் அடங்கிப் போனார்கள். கீழ்த்தளத்து வண்ணப்பூச்சு விஷயத்தில் மட்டும் அதே அடக்கம் இல்லை, கொஞ்சம் பளபளப்பு அதிகம், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக அதைச் சுரண்டி எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்கும் 150 வருஷத்துக்கு மேல் வயசாகிவிட்டது.

கடைசிப் பெரிய வேலை 2008-இல் தொடங்கி 2015-இல் முடிந்தது, சுமார் ஒரு கோடி யூரோ, பாதி தனியார் நன்கொடை. கண்ணாடியில் படிந்த அழுக்கை லேசரால் எடுத்தார்கள். மழையும் புகையும் இனி நேரடியாகப் படாதபடி சன்னல்களுக்கு வெளிப்பக்கம் இன்னொரு கண்ணாடி போட்டார்கள், வெறும் தட்டைக் கண்ணாடி இல்லை, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பளபளவென்று கண்ணைக் குத்தாமல் இருக்க பழைய கண்ணாடியின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி சூட்டில் வளைத்தெடுத்தது. இரண்டுக்கும் நடுவில் காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வேலையைப் பற்றி ஒரு வரியாவது பயணக் கட்டுரையில் வந்தால், டிக்கெட் காசு எங்கே போகிறது என்றாவது படிக்கிறவர்களுக்குப் புரியும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். "மாறாமல் அப்படியே" என்ற சொல்லைப் பழைய கட்டடங்கள் விஷயத்தில் தயவுசெய்து கைவிடுங்கள். தலைமுறைக்கு ஒரு முறை யாரோ சாரத்தில் ஏறி, ஈயத்தை மாற்றி, உடைந்ததைச் சேர்த்து, கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாறவே இல்லை என்று நாம் எழுதும்போது அத்தனை பேரையும் ஒரே வரியில் அடித்துவிடுகிறோம், அதைவிட மோசம், இனிமேலும் அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற எண்ணத்தையும் வாசகர் மனசில் போட்டுவிடுகிறோம். ரோஜா சன்னலின் படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள், மேல்தளத்தின் படம் மறுபடி அச்சாகும்போது எந்தப் பகுதி எந்த நூற்றாண்டு என்று ஒரு சின்ன விளக்கமும் சேர்த்துவிடுங்கள், கால் பக்கம்கூட ஆகாது.

போகிறவர்களுக்கு: கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கம் தங்கியிருந்தால் 4-ஆம் எண் மெட்ரோ, சித்தே நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகிற தூரம். லா ஷாப்பெல் கடைத்தெருவுக்குப் போகிற தமிழர்கள் பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அது வேறு, இது வேறு. நீதிமன்ற வளாகம் என்பதால் விமான நிலையம் மாதிரி சோதனை உண்டு, பையில் கத்தரிக்கோல், கண்ணாடிப் பாட்டில் எதுவும் வேண்டாம். நேரம் குறித்த டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், சுவரோரம் உட்கார இடம் கிடைத்தால் விடாதீர்கள், படம் எடுத்து முடித்த கையோடு கிளம்பிவிடாமல் வடக்குச் சுவரில் நுழைவாயில் பக்கத்து முதல் சன்னலிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்,
பாரிஸ்